குச்சி வீட்ல யாருங்க?

ஒரு வலைப்பூவுக்குப் பேர் வைப்பதெல்லாம் ஒரு விஷயமா? பிள்ளைக்குப் பேர் வைத்தாலாவது நாளைக்கு அது வளர்ந்து, "இதை விட்டா வேற பேரே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று சண்டைக்கு வரும். வலைப்பூவா வரப்போகிறது? இயற்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் நிலா என்பார்கள், தூறல் என்பார்கள், தும்பி என்பார்கள். வாய்க்கு வந்ததை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். பூனைக்கு மட்டும் அது உயிர் போகிற காரியமாக இருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே உயிர் போகிற காரியம்.

பூனை என்பது தையல் ஃபேக்டரியில் அவளுக்கு விழுந்த பேர். நடந்தால் சத்தம் வராது. யாராவது கத்தரிக்கோலைக் கீழே போட்டால் போதும், நின்ற இடத்திலேயே துள்ளுவாள். செக்கிங் மேசையில் வேலை. தைத்து முடித்த சட்டைகள் கட்டுக் கட்டாக வந்து விழும். காலர், பட்டன், கைமடிப்பு, உள்பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டுப்போன இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சூப்பர்வைசர் பொல்லாத ஆள். செக்கிங் பெண்கள் கண் திறந்திருக்கிறார்களா, தூங்குகிறார்களா என்று பார்க்க, வேண்டுமென்றே ஒரு கெட்ட சட்டையை நல்ல கட்டுக்குள் செருகிவிடுவார். அது யார் மேசையில் அம்பு இல்லாமல் தாண்டிப் போகிறதோ, அன்றைக்கு அவள் தொலைந்தாள். பூனையிடம் அவர் ஜம்பம் ஒருநாளும் பலித்ததில்லை. வாசல் கதவு கண்ணில் படுகிற நாற்காலியில்தான் உட்காருவாள். கதவு திறக்கும்போதெல்லாம் அவள் பார்வை சட்டையை விட்டு எழுந்து போய், வந்தது யார் என்று பார்த்துவிட்டுத் திரும்பும்.

பக்கத்து நாற்காலி பிசிறம்மாவுடையது. தைத்த துணியில் தொங்கும் நூல் பிசிறை வெட்டுவதுதான் அவள் வேலை, அதனால் அந்தப் பேர். கை நூலை வெட்டும், வாய் மனுஷரை வெட்டும். வந்த புதிதில் பூனை யாரோடும் பேசவில்லை. பிசிறம்மாதான் விடாமல் கிளறினாள். "ஏண்டி, கதவையே பாக்குறியே, கட்டிக்கப் போறவன் வரானா, கட்டினவன் வரானா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். பூனையின் கையில் இருந்த ஸ்டிக்கர் தாள் படபடவென்று ஆடியதைப் பார்த்ததும் பிசிறம்மாவின் வாய் தானாக மூடிக்கொண்டது. அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

கட்டினவன்தான். அக்காவும் தங்கையுமாக ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள் அவர்கள். அண்ணனுக்கு அக்கா, தம்பிக்கு இவள். "ரெண்டு பேரும் ஒண்ணா இருப்பாங்க, ஒருத்திக்கு ஒருத்தி துணை" என்று ஊரே மெச்சியது. மெச்சினவர்கள் ஒருவரும் ராத்திரி அந்த வீட்டுச் சுவரில் காது வைத்துக் கேட்கவில்லை. அண்ணன்காரர் வாய் திறக்காத சாமி. தம்பிக்கு வாயும் பெரிசு, கையும் பெரிசு. அவனைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம், நாக்குத்தான் கசக்கும்.

ஒரு மத்தியானம் அவன் முன்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது அக்கா கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். தங்கையின் செருப்பு அவன் தலைமாட்டுப் பக்கம் கிடந்தது. அக்கா தன் செருப்பைக் கழற்றி அவள் காலில் மாட்டிவிட்டாள். "திரும்பிப் பாக்காம போ. போன் கீன் பண்ணிடாத, என் போனு அவன் கையிலதான் இருக்கும். கடுதாசி, ஆள் அனுப்புறது எதுவும் வேணாம். ஆனா நீ உயிரோட இருக்கேன்னு எப்படியாவது எனக்குத் தெரியணும். எப்படின்னு எனக்கே தெரியல. நீதான் யோசிக்கணும்" என்றாள். செருப்பு ஒரு அளவு பெரிசு. ஓடும்போது காலை விட்டுக் கழன்று கழன்று வந்தது.

அன்றிலிருந்து பூனைக்கு இரண்டு பயம். அவன் இவளைக் கண்டுபிடித்துவிடுவானோ என்பது ஒன்று. அதையாவது பகலில் வேலை, கூட்டம், சத்தம் என்று கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். இன்னொன்று அப்படி ஒதுங்கவில்லை. அன்று மத்தியானம் அவன் தூங்கி எழுந்து, கொல்லைக் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து, அக்காவைப் பார்த்துத் திரும்பியிருப்பான் இல்லையா? அதற்கப்புறம் என்ன நடந்தது? அதை நினைத்தாலே சோறு இறங்காது.

மாடிப்படிக்குக் கீழே அவளுக்கு ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. ஒரே ஜன்னல், அதற்கு வெளியே பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். குழாய் ஒழுகி அந்தச் சுவரில் பாசி பிடித்திருந்தது. பாசியில் ஒரு சிலந்தி, ஒரு நத்தைக் குடும்பம், எங்கிருந்தோ விதை விழுந்து முளைத்த ஒரு செடி. வெளியே போகப் பயந்து அடைந்து கிடந்தவளுக்கு அந்தச் சுவர்தான் ஊர், உலகம் எல்லாம். போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து டீ நேரத்தில் காட்டுவாள்.

"உன் சிலந்தி பெத்த பிள்ளைங்க பேரெல்லாம் எங்களுக்கு மனப்பாடம் ஆயிருச்சு தாயே" என்று பிசிறம்மா கும்பிட்டாள். "என் மருமக சமையலுக்குன்னு ஒரு பிளாக் வெச்சிருக்கா. நீயும் ஒண்ணு ஆரம்பி. அதுல போட்டுத் தொலை. எங்களை விட்டுரு."

கேலிக்குத்தான் சொன்னாள். பூனைக்குச் சுரீரென்றது.

ஏனென்றால், பூச்சிப் படம் போடுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பெரிய குழு இருந்தது. அக்காவும் தங்கையும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதில் இருந்தார்கள். அவன் தினமும் சாயங்காலம் அக்காவின் போனை வாங்கி, யார் கூப்பிட்டார்கள், யார் என்ன அனுப்பினார்கள் என்று நோண்டுவான். அந்தக் குழுவை மட்டும் தொடமாட்டான். புழு பூச்சி என்றால் அவனுக்குக் குமட்டும். மனுஷியை அடிக்கிறவனுக்குப் புழுவைப் பார்த்தால் குமட்டுகிறதாம், கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழுவில் புதுப் பேரில் சேர்ந்து வலைப்பூவின் சுட்டியைப் போட்டால், அக்கா கண்ணில் பட வழி உண்டு. ஆனால் அங்கே நாளெல்லாம் படமாகக் கொட்டும். அத்தனை கூட்டத்தில் அக்கா நின்று திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால், அது பேரைப் பார்த்துத்தான். அக்காவுக்குப் புரிய வேண்டும், அவனுக்குப் புரியக் கூடாது. அப்படி ஒரு பேர் வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அவளுக்குப் பிடித்ததெல்லாம் இரண்டு பேருக்கும் தெரியும். பவளமல்லி என்று வைக்கலாம் என்றால், அவன் வீட்டு வாசலில் இவள் நட்டு, ஒரு சண்டையில் அவன் வேரோடு பிடுங்கி வீசிய செடி அது. நத்தை என்று வைக்கலாம் என்றால், அவன் இவளைத் திட்டுவதே அந்தப் பேரைச் சொல்லித்தான். இங்கே வந்த பிறகு புதிதாகப் பிடித்தவற்றை வைக்கலாம் என்றால் அது அதைவிட மோசம். ஃபேக்டரித் தண்ணீர்த் தொட்டி மேல் தினமும் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கை இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. 'தொட்டிக் கொக்கு' என்று வைத்தால் வீட்டு முகவரியையே எழுதி ஒட்டியதுபோல. அதுவும் அக்காவுக்கு ஒன்றும் புரியாது, அவன் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் அவனுக்குப் புரியும்.

"பேசாம 'ஒண்ணுமில்ல'ன்னு வெச்சுடு" என்றாள் பிசிறம்மா. இதற்குள் அவளுக்கு முழுக்கதையும் தெரிந்திருந்தது. கேட்ட நாளில் அழுதாள், அடுத்த நாளிலிருந்து வழக்கம்போல வாயடித்தாள். "இல்லேன்னா என் பேரை வை. பிசிறு. வெட்ட வெட்ட வரும்."

பூனை சிரிக்கவில்லை. அவள் மனதில் ஒரு பேர் ஏற்கெனவே இருந்தது. முதல் நாளே வந்துவிட்டது. அதன் கிட்டே நெருங்கத்தான் அவளுக்குத் துணிச்சல் இல்லை.

சுவர்களில் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்னக் குச்சிகளைத் தன் நூலால் ஒட்டி ஒரு கூடு செய்து, அந்தக் கூட்டையே இழுத்துக்கொண்டு ஊர்ந்துபோகும் ஒரு புழு. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு வேறென்ன பேரோ, அக்காவும் தங்கையும் வைத்த பேர் குச்சி வீடு. சிறுமிகளாக இருந்தபோது குளியலறைச் சுவரில் அதைக் கண்டால் விடமாட்டார்கள். அக்கா ஒரு புல்லால் கூட்டைத் தட்டி, "குச்சி வீட்ல யாருங்க?" என்று கேட்பாள். தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு கீச்சுக் குரலில், "நான்தாங்க. உள்ள இடமில்லைங்க, அப்புறம் வாங்க" என்பாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குக் கடைசி வரை புரியவில்லை.

அக்கா இந்தப் பேரைப் பார்த்தால் தூக்கத்தில்கூட எழுந்து உட்காருவாள். அதில் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அவனைப் பற்றித்தான். கல்யாணமான புதிதில், ஒரு சாயங்காலம், அவன் வீட்டு மதில் சுவரில் ஒரு குச்சி வீட்டைப் பார்த்துவிட்டு இவள் குதித்தாள். அவனைக் கூப்பிட்டுக் காட்டி, புல்லால் தட்டி, கதை முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்போது அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ம்" என்றான். அந்த "ம்" காதில் வாங்கிக்கொண்ட "ம்"மா, வாங்காத "ம்"மா? கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் நாம் சொல்வதை ஒருநாளும் காது கொடுத்துக் கேட்கவில்லையே என்று தலையணை நனைய அழுதவள், அன்றைக்கு மட்டும் அவன் கேட்காமல் இருந்திருக்க வேண்டுமே என்று இப்போது தெய்வத்தை எல்லாம் வேண்டிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மனம் மாறுவதற்குள், கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பேரையே வைத்துவிட்டாள். வலைப்பூவின் பெயர்: குச்சி வீடு. முதல் பதிவாகப் பாசிச் சுவரின் படமும், நத்தைகளைப் பற்றி நான்கு வரியும். வருகிற கமெண்ட் எல்லாம் முதலில் இவளுக்கு மட்டும் வருகிற மாதிரி செய்துவைத்தாள். இவள் விட்டால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும். சுட்டியைக் குழுவில் போட்டாள். போனைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, ஏதோ வெடிக்கப் போகிறதுபோல அறையின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நாட்கள் போயின. யாரோ ஒருவர் நத்தைக்கு உப்புப் போடச் சொல்லிக் கமெண்ட் எழுதினார். பிசிறம்மா அவரை வாயாரத் திட்டினாள். பூனைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் ஒரு டீ நேரத்தில், பேர் இல்லாத ஒரு கமெண்ட் வந்தது.

'குச்சி வீட்ல யாருங்க?'

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? பூனையின் முகம் பேயறைந்ததுபோல ஆனது. டீ டம்ளரை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்காதான்டி!" பிசிறம்மா கூவினாள். "பதில் போடு!"

"அவனா இருந்தா?"

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நானே சொல்லியிருக்கேன். இதையும் சொல்லியிருக்கேன். தட்டிக் காட்டினேன், கேள்வியைச் சொன்னேன், பதிலையும் சொன்னேன். எல்லாத்தையும் என் வாயாலயே சொல்லி வெச்சிருக்கேன் பிசிறம்மா." அவள் பல் கிட்டித்தது. "அவன் கேட்டிருந்தா? இப்ப அக்கா மாதிரிப் பேசி என்னை வெளிய இழுக்கப் பாக்குறான்னா? இல்லேன்னா, அக்காவைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டே அடிச்சு எழுத வைக்கிறான்னா?"

மணி அடித்தது. இருவரும் மேசைக்குத் திரும்பினார்கள்.

அன்றைக்கு மத்தியானம் சூப்பர்வைசர் வழக்கம்போலத் தன் வேலையைக் காட்டினார். பத்துப் பதினைந்து நல்ல சட்டைகளுக்கு நடுவே, அக்குளில் தையல் விட்ட ஒரு சட்டை. பூனையின் விரல் தானாகப் போய் அங்கே நின்றது. அம்பை எடுத்து ஒட்டினாள். ஒட்டிய கை அப்படியே சட்டைமேல் இருக்க, சிறிது நேரம் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் இரண்டாவது பதிவை எழுதினாள். குச்சி வீட்டுப் புழுவைப் பற்றி நல்லவிதமாக நான்கு விஷயம் சொன்னாள். கடைசியில், 'சின்ன வயதில் ஒருநாள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில், அம்மாவின் புதுக் கத்தரிக்கோலால் ஒரு குச்சி வீட்டை நான் வெட்டித் திறந்துவிட்டேன். அந்தப் புழு செத்துப்போனது. கத்தரிக்கோலின் முனையும் உடைந்தது. அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்' என்று எழுதினாள்.

அதுதான் கட்டுக்குள் செருகிய கெட்ட சட்டை. வெட்டியது இவள் இல்லை, அக்கா. அந்த வாரம் அக்கா ஏற்கெனவே வேறு எதற்கோ உதை வாங்கியிருந்தாள். இன்னொன்று தாங்கமாட்டாள் என்று தங்கை முந்திக்கொண்டு, "நான்தாம்மா வெட்டினேன்" என்று சொல்லி முதுகைக் காட்டிவிட்டாள். வீட்டில் கடைசி வரை அதுதான் கதை. அவனிடம் மதில் சுவரருகே சொன்னபோதும் அந்தக் கதையைத்தான் சொன்னாள். உலகத்தில் நிஜம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவனாக இருந்தால் சட்டை தாண்டிப் போய்விடும். அவன் அடித்து எழுத வைத்தாலும், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. அக்காவாக, அக்கா மட்டுமாக இருந்தால், அம்பு ஒட்டுவாள்.

மறுநாள் பதில் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. படிக்கட்டில் யாராவது இறங்கினால் பூனை மூச்சைப் பிடித்துக்கொண்டு செருப்புச் சத்தத்தை எண்ணினாள். தெருமுனையில் எவனாவது முதுகைக் காட்டி நின்றால் அவன் திரும்பும் வரை கடைக்குள் ஒதுங்கி நின்றாள். குழுவையே பார்க்கப் பயந்தாள், பார்க்காமல் இருக்கவும் பயந்தாள். "இப்படியே போனா நீ பயத்துலயே போய்ச் சேர்ந்துருவ, அவனுக்கு வேலையே இருக்காது" என்று பிசிறம்மா சிடுசிடுத்தாள். சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டில் பாதியை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

அப்புறம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளை. போனைத் திறந்தவள், படித்துவிட்டுப் பிசிறம்மாவிடம் நீட்டினாள். பிசிறம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'வெட்டினது நீ இல்லடி, நான். அன்னைக்கு எனக்காக நீ வாங்கின. இந்தத் தடவை உனக்காக நான் வாங்கிட்டேன். இன்னும் வாங்கிட்டுத்தான் இருக்கேன். இப்பவும் உள்ள இடமில்லைன்னுதான் சொல்லுவியா?'

அதுவரை தன் உயிருக்கும் சேர்த்துப் பயந்தவள், அந்தப் பயத்தை நினைத்து வெட்கப்பட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்க அழுதாள். சுற்றி இருந்த பெண்கள் என்ன ஏதென்று எழுந்து வந்தார்கள். "வயித்து வலி, போங்கடி உங்க வேலையைப் பாத்துக்கிட்டு" என்று பிசிறம்மா எல்லோரையும் விரட்டினாள்.

"பதில் எப்படிச் சொல்றது?" பூனை நிமிர்ந்து கேட்டாள். "பேர் இல்லாத கமெண்டு. தனியா அனுப்ப வழியே இல்ல. வெளிப்படையாத்தான் போடணும். ஊர் பேரைப் போட்டா..."

"ஊர் பேரைப் போடாத. என் நம்பரைப் போடு."

"அவன் பாத்துட்டா?"

"பாக்கட்டும். கூப்பிடட்டும். அந்தப் பொறம்போக்கு மட்டும் என் போன்ல மாட்டினான்னா, அவன் ஏழு தலைமுறையையும் இழுத்து வெச்சுப் பேசுறேன் பாரு. ரொம்ப நாளா என் வாய்க்குச் சரியான ஆளே சிக்கல." பிசிறம்மாவின் குரல் தடதடவென்று வந்தது.

பூனை புதிதாகப் பதிவு ஒன்றும் எழுதவில்லை. நேற்று எடுத்த ஒரு படத்தைப் போட்டாள். அறைக்கு வெளியே அந்தப் பாசிச் சுவரில், நிஜமாகவே ஒரு குச்சி வீடு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே நம்பர் மட்டும்.

அன்றைக்கு வேலை ஓடவில்லை. ஒரு முறை போன் அடித்தது, யாரோ ராங் நம்பர். பிசிறம்மாவிடம் அவர் பட்ட பாட்டுக்கு இனி ஜென்மத்துக்கும் யாரையும் தப்பாகக் கூப்பிடமாட்டார். சாயங்காலம் ஃபேக்டரி விட்டு, எல்லோரும் வாசலில் பை சோதனைக்கு வரிசையில் நிற்கும்போது மறுபடி அடித்தது. தெரியாத நம்பர். பிசிறம்மா எடுத்து, "யாரு?" என்று அதட்டினாள்.

அந்தப் பக்கம் ஏதோ பஸ் நிற்கிற இடம்போல. ஹாரன் சத்தம், ஊர் பேரைக் கூவும் சத்தம். பிசிறம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். போனைப் பூனையின் காதில் வைத்தாள்.

மூச்சு வாங்கும் சத்தம். யாரிடமோ கெஞ்சிக் கேட்டு வாங்கிய போன் என்பது அந்தக் குரலின் அவசரத்திலேயே தெரிந்தது. பயந்த குரல், இவளைவிடப் பயந்த குரல்.

"குச்சி வீட்ல யாருங்க?"

பூனையின் காலில் அக்காவின் செருப்புதான் இருந்தது. கீச்சுக் குரலெல்லாம் வரவில்லை.

"நான்தாங்க" என்றாள். "இடம் இருக்குக்கா. வா."